ஆறாண்டு ஓடிய ஆர்.ஓ. நிலையம்: ஓர் அடுக்ககத்தின் அனுபவம்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் அடுக்ககத்தில் 84 வீடுகள் உள்ளன. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. லாரிக்குக் காத்திருந்து சலித்துப்போன எங்கள் குடியிருப்போர் சங்கம், வளாகத்து ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரையே சமையலுக்கும் குடிப்பதற்கும் தகுந்ததாக மாற்றிக்கொள்வது என்று அப்போது தீர்மானித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வாங்கிப் பொருத்திய, மணிக்கு 1,000 லிட்டர் நன்னீர் தரும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பை நீக்கும்) நிலையத்தையும், விற்ற நிறுவனமே செய்துவரும் ஆண்டுப் பராமரிப்பையும் பற்றிய மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரே உதிரிகளை வாங்கி, ஒரே மாதிரிச் சட்டகத்தில் பூட்டி, வேறு வேறு பெயர்ப்பலகை மாட்டி விற்பவர்கள் இந்நகரில் பலர் இருப்பதால், ஒருவரை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

விற்பனைக்கு வந்தவர் முதல் நாளே ஒரு வித்தை காட்டினார். இரண்டு குவளைகளில் ஒன்றில் எங்கள் கிணற்று நீரையும் மற்றொன்றில் தாம் கொண்டுவந்த ஆர்.ஓ. நீரையும் ஊற்றி, இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் நீர் சில நிமிடங்களில் செம்பழுப்பாகிக் கசடு கட்டியது. அவருடைய நீர் தெளிவாகவே இருந்தது. கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் சிலர் முகம் சுளித்து, இத்தனை நாள் இதையா குடித்தோம் என்று கேட்டனர். அந்தக் கசடு நீரில் இருந்ததன்று. உப்புள்ள நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி அரிக்கப்பட்டு அதன் துருவே நீரில் கலங்கும். உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் மிகக் குறைவாகவே பாய்வதால் கம்பி அவ்வளவாக அரிவதில்லை. ஒரு சிட்டிகை சமையலுப்பைப் போட்டிருந்தால் அந்தக் குவளையும் சிவந்திருக்கும். இதை அன்றே எடுத்துச் சொல்லியும், வாங்குவது என்ற முடிவு மாறவில்லை. மாறத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் நீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவு, லிட்டருக்கு 1,800 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. ஆகவே எங்களுக்கு ஆர்.ஓ. அவசியமா என்ற கேள்விக்கு அவசியம் என்பதே நேர்மையான பதில். அந்தப் பதிலைக் கம்பி வித்தை இல்லாமலும் சொல்லியிருக்கலாம் என்பது மட்டுமே என் மனத்தாங்கல்.

வந்து சேர்ந்த பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு மணல் வடிகட்டி, அடுத்துக் கரித்தூள் நிரப்பிய கார்பன் வடிகட்டி, பாறைபோல் உப்புப் படிவதைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் சிறு பம்பு, நுண்தூசியைப் பிடிக்கும் ஐந்து மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கு) கார்ட்ரிட்ஜ் வடிகட்டி, பிறகு இரண்டு குதிரைத்திறன் உயரழுத்தப் பம்பு, அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மெம்பிரேன்கள் (உப்பைத் தடுக்கும் சவ்வு உருளைகள்), இறுதியில் புற ஊதா விளக்கு. விலை இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். சட்டகமும் குழாய்களும் நன்றாகவே செய்யப்பட்டிருந்தன. கடற்காற்று வீசும் இடமென்பதால் இரும்புச் சட்டகம் வேண்டாம் என்று நாங்கள் கேட்டபடி துருப்பிடிக்காத எஃகில் செய்து தந்தனர். ஆறாண்டுக்குப் பின்னும் அதில் ஒரு புள்ளி துருவில்லை.

மெம்பிரேன் என்பது என்ன என்று வாங்கும்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பின்னர் பழுதாகிக் கழற்றிய நான்கில் ஒன்றை, பம்பு அறையில் நாளிதழை விரித்து, ரம்பத்தால் அறுத்துப் பிரித்துப் பார்த்தோம். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் நான்கு அங்குல விட்டமும் கொண்ட அந்த உருளைக்குள், நடுவில் துளையிட்ட ஒரு குழாயைச் சுற்றி, பாய் சுருட்டியதைப்போல் அடுக்கடுக்காகத் தாள்கள் சுற்றியிருந்தன. அத்தனையும் விரித்தால் சுமார் எட்டுச் சதுர மீட்டர் பரப்பு வரும். ஒவ்வொரு தாளும் பாலியெஸ்டர் துணி, அதன்மேல் நுண்துளைகள் கொண்ட பாலிசல்ஃபோன், அதற்கும் மேல் கண்ணுக்கே புலப்படாத பாலியமைடு தோல் என மூன்று அடுக்குகளால் ஆனது. உண்மையில் உப்பைத் தடுப்பது அந்த மேல்தோல் ஒன்றே. அதன் தடிமன் ஒரு மைக்ரானில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. பலரும் நினைப்பதுபோல அது துளையிட்ட சல்லடையன்று. நீர் மூலக்கூறுகள் அந்தத் தோலுக்குள் கரைந்து ஊடுருவி மறுபுறம் வெளியேறுகின்றன. உப்பின் அயனிகளுக்கு அந்த வழி மிகக் கடினமாக இருக்கிறது. இயற்கையில் நீர் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத்தான் சவ்வைக் கடந்து செல்லும். சவ்வூடு அழுத்தம் எனப்படும் அந்த நாட்டத்தை மீறும் அளவுக்கு உப்புப் பக்கத்தில் அழுத்தம் கொடுத்து எதிர்த்திசையில் நீரைத் தள்ளுவதே எதிர்ச் சவ்வூடு பரவல். இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் அமெரிக்கரான சிட்னி லோபும் 1950களின் இறுதியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், மெல்லிய தோலும் அதைத் தாங்கும் துளைமிக்க அடுக்கும் சேர்ந்த சவ்வை உருவாக்கிய பிறகுதான், ஆய்வகத்தில் சொட்டுக் கணக்கில் வந்த நீர் குழாய்க் கணக்கில் வரத் தொடங்கியது. அவர்கள் பயன்படுத்தியது செல்லுலோஸ் அசிடேட். இன்றைய பாலியமைடு அதைவிடப் பல வகையிலும் மேலானது. ஒரே ஒரு குறை, அதற்குக் குளோரின் ஆகாது. அந்தக் குறைதான் எங்களுக்கு ஒரு முழுச் செலவை இழுத்துவிட்டது.

முதலாண்டில் நிலையம் சொன்னபடி வேலை செய்தது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். மணிக்கு 2,000 லிட்டர் கிணற்று நீரை உள்ளிழுத்து, 1,000 லிட்டர் நன்னீரையும், உப்புச் செறிந்து கழிவாக வெளியேறும் 1,000 லிட்டர் ரிஜெக்ட் நீரையும் தந்தது. நன்னீரின் டி.டி.எஸ். 60, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் வீட்டுக்கு எழுபது லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். பாத்திரங்களில் வெள்ளைப் படலம் நின்றது. பருப்பு நேரத்துக்கு வெந்தது. ஆனால் தண்ணீர் சப்பென்று இருப்பதாகப் பலர் குறைப்பட்டனர். அது வெறும் பழக்கத்தால் வந்த குறையன்று. சவ்வு சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பைகார்பனேட்டையும் தடுத்துவிட்டு, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை மட்டும் தடுக்காமல் விட்டுவிடுவதால், வெளிவரும் நீர் சுவையற்றதாகவும் சற்றே அமிலத்தன்மை கொண்டதாகவும் இருக்கும். வடிகட்டிய கிணற்று நீரை நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் நன்னீரோடு கலந்துவிடும் ஒரு சிறு வால்வைப் பொருத்தினால் இது தீரும். கலந்த பிறகே நீர் புற ஊதா விளக்கைக் கடக்க வேண்டும் என்பது முக்கியம், ஏனெனில் கலக்கும் நீர் சவ்வைக் கடக்காதது, அதில் கிருமி இருக்கலாம். நிறுவனத்தின் பணியாளர் அந்த வால்வை விளக்குக்குப் பின்னால் பொருத்திவிட்டுப் போய்விட்டார். மாற்றச் சொல்லி மூன்று முறை தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது.

இரண்டாம் ஆண்டில் நன்னீரின் டி.டி.எஸ். மெல்ல ஏறத் தொடங்கியது. அறுபது என்பது நூறாகி, நூற்று நாற்பதாகி, நான்கு மாதங்களில் 210 ஆயிற்று. வந்து பார்த்த பணியாளர் மெம்பிரேனில் உப்புப் படிந்துவிட்டது என்று கூறி, அமிலம் விட்டுக் கழுவி, அதற்குத் தனியாகக் கட்டணமும் வாங்கிச் சென்றார். கழுவிய பின்னும் அளவு குறையவில்லை. அடுத்து வந்தவர் மெம்பிரேன்களின் ஆயுள் முடிந்துவிட்டது, நான்கையும் மாற்ற வேண்டும் என்றார். ஒன்று 15,000 ரூபாய்.

அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். மோட்டார் பார்த்துக்கொள்ளும் பெரியவர், நாங்கள் கேட்டுக்கொண்டபடி, நாள்தோறும் காலையில் உள்வரும் அழுத்தம், வெளிச்செல்லும் அழுத்தம், நன்னீர் ஓட்டம், ரிஜெக்ட் ஓட்டம், டி.டி.எஸ். ஆகிய ஐந்து எண்களை அதில் எழுதிவந்தார். அதைப் புரட்டியபோது, டி.டி.எஸ். ஏறிய அதே மாதங்களில் நன்னீர் ஓட்டமும் அதே அழுத்தத்தில் 1,000 லிட்டரிலிருந்து 1,150 லிட்டருக்கு ஏறியிருந்தது தெரிந்தது. உப்புப் படிந்த சவ்வு அடைத்துக்கொள்ளும். அதில் ஓட்டம் குறைய வேண்டும். ஓட்டமும் உப்பும் சேர்ந்து கூடினால் தோல் கிழிந்திருக்கிறது அல்லது அரித்திருக்கிறது என்று பொருள். அரித்தது எது என்பதற்கும் விடை அருகிலேயே இருந்தது. கிணறு வற்றிய வாரங்களில் மெட்ரோ (சென்னைக் குடிநீர் வாரிய) லாரித் தண்ணீரையும் அதே தரைத்தொட்டியில் ஊற்றியிருந்தோம். லாரித் தண்ணீரில் குளோரின் உண்டு. அதை உறிஞ்ச வேண்டிய கார்பன் வடிகட்டியின் கரி, பொருத்திய நாளிலிருந்து மாற்றப்படவே இல்லை. குளோரின் இருந்தால் மஞ்சளாக மாறும் சொட்டு மருந்தை வாங்கி, கார்பன் வடிகட்டியைத் தாண்டி வந்த நீரில் விட்டோம். பளிச்சென்று மஞ்சளாயிற்று.

பழி யாருடையது என்பதில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை மறைக்கவில்லை. லாரித் தண்ணீரை அந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்று எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் குளோரின் இந்தச் சவ்வைக் கெடுக்கும் என்ற ஒற்றை வரி, நிறுவனம் கொடுத்த கையேட்டில் எங்கும் இல்லை; பராமரிப்பு ஒப்பந்தத்திலோ கார்பன் கரியை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதும் குறிப்பிடப்படவில்லை. சென்னையில் லாரித் தண்ணீர் ஊற்றாத தொட்டி எத்தனை இருக்கும் என்று இந்த நகரில் கருவி விற்பவருக்குத் தெரியாதா? நோட்டுப் புத்தகத்தைக் காட்டி வாதாடியதில் நான்கு மெம்பிரேன்களின் விலையில் பாதியை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். நோட்டின் விலை 25 ரூபாய்.

அன்று முதல் பராமரிப்புக்கு வருபவர்களைப் பற்றிய என் மதிப்பீடு இதுதான்: கைகள் நல்லவை, காரணம் தேடும் பழக்கம் இல்லை. கசிவை அடைப்பதிலும் பம்பு சீல் மாற்றுவதிலும் அவர்கள் விரைவாகவும் சுத்தமாகவும் வேலை செய்கிறார்கள். அழைத்த மறுநாள் வந்துவிடுகிறார்கள். ஆனால் எந்தக் குறைக்கும் அமிலக் கழுவலையே முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். ஒரு மார்கழியில் நன்னீர் ஓட்டம் நூறு லிட்டர் குறைந்ததற்கும் அதையே சொன்னார்கள். நீரின் வெப்பம் ஒரு பாகை இறங்கினால் சவ்வின் ஓட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் இறங்கும். நீர் சில்லென்று இருந்ததே காரணம், தை கழிந்து வெயில் ஏறியதும் ஓட்டம் தானாகத் திரும்பியது.

இனி, இந்த மதிப்புரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஆர்.ஓ. வாங்குகிறவர்கள் எல்லோரும் குழாயில் வரும் நீரைப் பார்க்கிறார்கள். மறுகுழாயில் போகும் நீரை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் நிலையம் முதல் ஒன்றரை ஆண்டுகள் நாள்தோறும் 6,000 லிட்டர் ரிஜெக்ட் நீரை மழைநீர்க் கால்வாயில் விட்டுக்கொண்டிருந்தது. வறட்சியில் தவித்து வாங்கிய கருவி, இறைத்த நீரில் சரிபாதியைச் சாக்கடைக்கு அனுப்பியது என்பதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. 2019 மே மாதத்தில்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யவும், பிற இடங்களில் குறைந்தது 60 சதவீத நீரை மீட்பதைக் கட்டாயமாக்கவும் விதி வகுக்குமாறு சுற்றுச்சூழல் அமைச்சகத்தைப் பணித்திருந்தது. நான்கு மாதம் கழித்து எங்களுக்கு விற்கப்பட்டது 50 சதவீதம் மீட்கும் நிலையம். அதைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பின்னர் நாங்கள் கேட்டபோது, ரிஜெக்ட் நீரைத் தனியே மறுபடி சுத்திகரிக்கும் இன்னொரு நிலையத்தை ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு வாங்கச் சொன்னார்கள். எங்கள் வளாகத்தில் வசிக்கும், வேதிப்பொறியியல் படித்து ஓய்வு பெற்ற ஒருவர் அதைத் தடுத்து, ரிஜெக்ட் குழாயிலிருந்து ஒரு கிளையை எடுத்து, ஒரு வால்வும் நீரோட்டத்தை அளக்கும் ஒரு ரோட்டாமீட்டரும் வைத்து, உயரழுத்தப் பம்பின் வாய்க்கே திருப்பிவிடச் சொன்னார். மொத்தச் செலவு ஒன்பதாயிரம் ரூபாய். இப்போது சவ்வுகளுக்குள் போவது அதே 2,000 லிட்டர்தான். ஆனால் அதில் 500 லிட்டர் திரும்பி வந்த ரிஜெக்ட், கிணற்றிலிருந்து எடுப்பது 1,500 மட்டுமே. வெளியேறும் கழிவு மணிக்கு 500 லிட்டராகக் குறைந்தது; மீட்பு மூன்றில் இரண்டு பங்காயிற்று. நாளொன்றுக்கு 3,000 லிட்டர் நிலத்தடி நீர் மிச்சம்.

இது இலவசமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சவ்வுக்குள் போகும் நீர் உப்பு மிகுந்ததாகிவிடுவதால் நன்னீரின் டி.டி.எஸ். 60லிருந்து 90க்கு உயர்ந்தது, அழுத்தமும் சற்றுக் கூட்ட வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமாக, முன்பு கழிவில் இருமடங்காகச் செறிந்த சுண்ணாம்பு இப்போது மும்மடங்காகச் செறிவதால், கடைசி மெம்பிரேனில் பாறை படியும் அபாயம் கூடுகிறது. ஆன்டிஸ்கேலன்ட் மருந்து ஒரு நாள் தீர்ந்துபோனாலும் பொறுத்துக்கொள்ளும் தாராளம் பழைய அமைப்புக்கு இருந்தது, புதியதற்கு இல்லை. நீரின் கடினத்தன்மையைச் சோதனைச்சாலையில் கொடுத்துப் பார்த்து, மருந்தின் அளவைக் கணக்கிட்ட பிறகே நாங்கள் வால்வைத் திறந்தோம். பக்கத்து வளாகத்தில் இதைப் பார்த்துவிட்டுக் கணக்கில்லாமல் திறந்தவர்கள், ஐந்தே மாதத்தில் வெள்ளைப் பாறை ஏறிய மெம்பிரேனைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்கள்.

மிஞ்சிய 3,000 லிட்டர் கழிவின் டி.டி.எஸ். இப்போது ஐந்தாயிரத்தைத் தாண்டுகிறது. அதைக் கால்வாயில் விடாமல், கழிப்பறைகளுக்குப் போகும் தனித் தொட்டியில் கிணற்று நீரோடு கலந்துவிட்டோம். நல்ல யோசனை என்று எங்களை நாங்களே பாராட்டிக்கொண்டோம். எட்டு மாதம் கழித்துத் தோட்டத்தில் செம்பருத்தியின் இலை நுனிகள் கருகத் தொடங்கின. கழிப்பறை நீர் வளாகத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அந்த நிலையம் அழுக்கை நீக்குமே தவிர உப்பை நீக்காது. அதன் நீர்தான் செடிகளுக்குப் பாய்கிறது. சவ்வு உப்பை அழிப்பதில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தள்ளிவைக்கிறது. இப்போது மழைக்காலத்தில் மட்டும் முழுக் கழிவையும் கலக்கிறோம். கோடையில் பாதியை மட்டுமே. மீதிப் பாதி மீண்டும் கால்வாய்க்கே போகிறது. இதற்கு எங்களிடம் வேறு வழியில்லை.

இந்தத் தள்ளிவைப்பின் முழு விலை என்ன என்பதைத் திருப்பூர்ச் சாயத்தொழில் கண்டது. நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சாயக்கழிவின் உப்புச் சேர்ந்ததைத் தொடர்ந்து, 2006இல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்றது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அங்கே இன்றுள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ. வழியே பெருமளவு நீரை மீட்டுப் பட்டறைக்கே திருப்புகின்றன. ஆனால் கடைசியில் எஞ்சும் அடர்ந்த உப்புநீரைச் சவ்வால் கடக்க முடியாமல், ஆவியாக்கிக் காய்ச்ச வேண்டியிருக்கிறது. செலவில் கழுத்தைப் பிடிப்பது அந்தக் கடைசிப் பகுதிதான். சாயமேற்றத் தேவையான உப்பையும் அதிலிருந்தே மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள் என்பதால் அவர்களுடைய கணக்கு ஓரளவு நேராகிறது. எங்கள் செம்பருத்திக்கு அந்த வசதி இல்லை.

மின்செலவைப் பற்றி ஒரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. எங்கள் இரண்டு பம்புகளும் சேர்ந்து ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு இரண்டேகால் யூனிட் மின்சாரம் எடுக்கின்றன. கடல்நீரைக் குடிநீராக்கும் இன்றைய பெரிய நிலையங்களுக்கு அதே ஆயிரம் லிட்டருக்கு ஆவது மூன்று முதல் நான்கு யூனிட். கடல்நீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு. அதன் சவ்வூடு அழுத்தத்தை வெல்லவே 27 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) வேண்டும், நடைமுறையில் 55 முதல் 70 பார் வரை கொடுக்கிறார்கள். எங்கள் கிணற்று நீரின் சவ்வூடு அழுத்தமோ ஒன்றரைப் பாரைத் தொடாது. இருபது மடங்கு உப்பை நீக்குபவர்கள் எங்களைவிட இருமடங்கு மின்சாரம்கூடச் செலவிடவில்லை என்றால், எங்கள் பம்பு எவ்வளவு வீணாக்குகிறது என்று பாருங்கள். பெரிய நிலையங்களில் வெளியேறும் உப்புநீர் தன் அழுத்தத்தை உள்வரும் கடல்நீருக்குக் கைமாற்றிவிட்டே கடலுக்குப் போகிறது. எங்கள் ரிஜெக்ட் நீரின் அழுத்தம் ஒரு வால்வில் இரைந்து அடங்கிவிடுகிறது. இந்த அளவு நிலையத்துக்கு அத்தகைய கருவி கட்டுப்படியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவைக்கு மிஞ்சிய பம்பைப் பூட்டி, பின் வால்வை இறுக்கி அழுத்தத்தைச் சரிசெய்யும் வழக்கத்தையாவது விற்பவர்கள் கைவிடலாம்.

நெம்மேலி எங்களுக்குத் தொலைவில் இல்லை. 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நிலையமும், 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் நிலையமும் அங்கே தொடங்கப்பட்டன; வடக்கே மீஞ்சூருக்கு அருகில் காட்டுப்பள்ளியில் 2010இல் 10 கோடி லிட்டர் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது; பேரூரில் 40 கோடி லிட்டருக்கு வேலை நடக்கிறது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் நகரத்தின் கழிவுநீரையே நுண்வடிகட்டலுக்கும் ஆர்.ஓ.வுக்கும் உட்படுத்தி, தலா நாலரைக் கோடி லிட்டரைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்ப நிலையங்கள் உள்ளன. எங்கள் தெருவுக்கு மெட்ரோ குழாய் முறையாக வரத் தொடங்கும் நாளில் இந்தப் பம்பு அறைக்குத் தேவையே இருக்காது. அப்படி நேர்ந்தால் வருந்த மாட்டேன். ஓர் அடுக்ககம் தன் கிணற்று உப்பைத் தானே கையாள்வதைவிட, கடலோரத்தில் ஒரு பெரிய நிலையம் அதைக் கையாள்வது எல்லா வகையிலும் சிக்கனமானது என்பதே இந்த ஆறாண்டில் நான் வந்து சேர்ந்த எண்ணம்.

அதுவரை, கேன் தண்ணீரோடு ஒப்பிட்டால் எங்கள் நிலையத்துக்குப் பணத்தளவில் குறை சொல்ல இயலாது. மின்சாரம், பராமரிப்பு ஒப்பந்தம், மருந்தும் கார்ட்ரிட்ஜும், மூன்றாண்டுக்கு ஒருமுறை மெம்பிரேன் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு உள்ளேயே அடங்குகிறது. கருவியின் விலையைப் பத்தாண்டுக்குப் பிரித்துச் சேர்த்தாலும் லிட்டருக்கு ஆறரைப் பைசா. இருபது லிட்டர் கேன் ஒன்றின் அளவுக்கு ஒரு ரூபாய் முப்பது காசு.

கிணற்று நீர் 500க்குக் கீழ் இருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். வடிகட்டியும் புற ஊதா விளக்கும் போதும். எங்களைப்போல ஆயிரத்தைத் தாண்டியவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் மணிக்கு எத்தனை லிட்டர் தரும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை லிட்டர் வெளியேற்றும், அது எங்கே போகும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் பராமரிப்பு ஒப்பந்தம் இந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டபோது நான்கு நிபந்தனைகள் வைத்தோம். கார்பன் கரியை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுவது, ஒவ்வொரு வருகையிலும் குளோரின் சோதித்து நோட்டில் கையெழுத்திடுவது, நோட்டில் உள்ள எண்களைப் பார்க்காமல் அமிலம் விட்டுக் கழுவாமல் இருப்பது ஆகிய மூன்றையும் ஏற்றுக்கொண்டனர். பழைய மெம்பிரேன்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நான்காவதை மட்டும் மறுத்துவிட்டனர். பழைய இரும்புக்காரரும் அவற்றை வேண்டாம் என்கிறார், மாநகராட்சிக் குப்பை வண்டியும் ஏற்ற மறுக்கிறது. அறுத்துப் பார்த்தது போக மீதி மூன்றும் பம்பு அறை மூலையில் சாக்குப் போட்டு மூடியபடி சாய்ந்து நிற்கின்றன.